மண்ணுக்குள் நிற்கும் பருப்பு

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் வந்துவிட்டால், தமிழகக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு உழவு தொடங்கும். பழைய தட்டுகளும் தேங்காய்ச் சிரட்டைகளும் பரணிலிருந்து இறங்கி வரும். அவற்றில் இரண்டு விரற்கடை மண் பரப்பி, கேழ்வரகையோ நெல்லையோ கடுகையோ நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுவார்கள். பத்து நாளில் அது பசும்புல் தரையாகிவிடும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய மாலையில் அந்தப் பசுமை குடிலுக்குள் போய்ச் சேரும். மண்ணாலான ஆடுகள் அதன்மேல் மேயும். 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, வைக்கோலும் மாடும் கழுதையும் போதுமாயிருந்தன. அந்தக் குடிலுக்குப் பசுமை சேர்க்கும் பொறுப்பை நம் வீடுகளில் சிறுவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

தட்டில் முளை வளர்ப்பது நமக்குப் புதிய பழக்கமன்று. நம் தென்மாவட்டங்களில் ஊர்த் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுகிற பெண்கள், நவதானியங்களை ஓட்டிலும் பானையிலும் விதைத்து, வெளிச்சம் புகாத அறையில் ஒரு வாரத்துக்கு மேல் காத்து வளர்க்கிறார்கள். இருட்டில் வளர்வதால் அந்த முளைகள் வெளுத்த மஞ்சளாக, ஒல்லியாக, நெடிதுயர்ந்து நிற்கும். ஒளி கிடைக்காத நாற்று, தன் கையிருப்பை எல்லாம் உயரத்துக்கே செலவிட்டு வெளிச்சத்தைத் தேடும். பச்சையம் உண்டாவதற்கு ஒளி வேண்டும். இதே வெளுத்த முளையைச் சிசிலித் தீவின் கத்தோலிக்கர் பெரிய வியாழனன்று நற்கருணை வைக்கப்படும் பீடத்தருகில் அடுக்குகிறார்கள். கோதுமையைத் தவக்காலத்தில் இருட்டறையில் முளைக்க வைத்து, அவர்கள் கொண்டுவரும் காணிக்கை அது. பிரான்சு நாட்டின் புரோவான்சுப் பகுதியிலோ, டிசம்பர் 4ஆம் நாள், புனித பார்பராவின் திருநாளில், சிறு தட்டுகளில் கோதுமையை ஊறவைத்து, கிறிஸ்து பிறப்பு விருந்து மேசைமேல் பச்சையாக வைப்பது மரபு. கடல்கள் பிரித்த மனிதர்கள் ஒரே ஆசையோடு ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். காய்ந்த மணிக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க மனிதனுக்கு எங்கும் ஆசைதான்.

அம்பத்தூரில் உள்ள எங்கள் வீட்டில், கேழ்வரகுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டாணித் தட்டும் உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர் என் அத்தை.

இந்த மேற்குப் புறநகரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கம் ஏரி என்று, ஏரியை நம்பி வாழ்ந்த வயல் நாடு இது. 1955ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிச் சமதருமப் பாணியிலான சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டில் ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. தெற்கேயிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் இரும்புப் பெட்டியோடு வந்து இறங்கின. வயல்கள் மனைகளாயின, மனைகள் அடுக்குமாடிகளாயின. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியானது. அதே 2019ஆம் ஆண்டின் கோடையில் செம்பரம்பாக்கம் உட்படச் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. தண்ணீர் வண்டியின் மணியோசைக்குக் குடத்தோடு ஓடிய அந்த நாள்களில், எங்கள் மாடத்துத் தொட்டிச் செடிகள் ஒவ்வொன்றாகக் கருகின. இனி இந்த வீட்டில் செடியே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2023ஆம் ஆண்டு டிசம்பரில், அத்தை தம் அறைச் சன்னலில் பட்டாணியை விதைத்தார். "இதற்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளைத் தண்ணீர் போதும், தம்பி. அலசிய தண்ணீரைக்கூடக் கீழே கறிவேப்பிலைக்கு ஊற்றலாம்" என்றார்.

அத்தை என் தந்தையின் தமக்கை. உடன்பிறந்தவர் அறுவரில் மூத்தவர். தந்தையை இழந்த குடும்பத்தில், பத்தொன்பது வயதில் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்து, மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பத் தொடங்கினார். தம்பியர் படித்தனர், தங்கையர் மணமாகிப் போயினர். தமக்கென ஒரு வீட்டை அவர் தேடிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் என் தந்தையோடு தங்கினார். எங்கள் குடியிருப்பு மூன்றாம் மாடியில், மின்தூக்கி கிடையாது. எழுபத்தைந்து வயதுக்குமேல் முழங்கால்கள் அவருக்கு ஒத்துழைக்க மறுத்தன. முதல் வெள்ளிதோறும் பங்குத்தந்தை நற்கருணை கொண்டுவருவார். மற்ற நாள்களில் கோயில் மணியோசை மட்டும் சன்னல் வழியே வரும்.

செவிலியர் வளர்த்த பட்டாணி என்பதால், அதில் ஒழுங்கு மிகுதி. அவர் செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். வாசகர் எவருக்கேனும் பயன்படும்.

முழுப் பட்டாணிதான் வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. வயலில் விதைப்பதற்கென்று மருந்து தடவி விற்கும் விதையைத் தொடவே கூடாது. சமையலுக்கு விற்பதை வாங்க வேண்டும். அதிலும், ஊறவைத்த நீர் கரும்பச்சையாகிவிட்டால், அது சாயம் ஏற்றிய பட்டாணி என்று கொட்டிவிடுவார். ஓர் அடி நீளமும் அகலமும் உள்ள தட்டுக்கு ஏறத்தாழ இருநூறு கிராம். உடைந்ததையும் பூச்சி துளைத்ததையும் பொறுக்கி நீக்கிவிட்டு, ஓர் இரவு ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்துத் துணியில் மூடி வைப்பார். காலையும் மாலையும் தூய நீரில் அலச வேண்டும். இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் மூக்கு நீட்டும்.

அந்த நிலையிலேயே எடுத்தால் முளைப்பயறு. தளிர் வேண்டுமென்றால், அடியில் துளையிட்ட தட்டில் தென்னைநார்த் தூளை நன்றாகக் கழுவிப் பரப்பி, அதன்மேல் முளைத்த பட்டாணியை ஒன்றையொன்று தொடும்படி பரப்ப வேண்டும். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, இரண்டு மூன்று நாள் இருட்டில் விடவேண்டும். முளைகள் மேல்தட்டைத் தூக்கிப் பார்க்கும்போது வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாம். வெளுத்திருந்த குருத்து ஒரே நாளில் பச்சையாவதைக் காண்பது தனி மகிழ்ச்சி. அதிலிருந்து ஏழெட்டு நாளில் தளிர் ஒரு சாண் உயர்ந்து, பற்றுக்கம்பிகளை நீட்டிச் சன்னல் கம்பியைத் தேடத் தொடங்கும்.

வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல் ஏதோ தோன்றும்போது புதியவர்கள் பூசணம் என்று அஞ்சிக் கொட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது வேர்த்தூவிதான். நீர் தெளித்தால் வேரோடு ஒட்டி மறைந்துவிடும். தெளித்தும் மறையாமல் சிலந்தி வலைபோல் ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்குப் படர்வதும், புளித்த வாடை வீசுவதுமே பூசணத்தின் அடையாளம். "புண்ணை முதலில் மூக்கால் பார், பிறகு கண்ணால் பார் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்" என்று சொல்லிக்கொண்டே அத்தை தட்டை முகர்ந்து பார்ப்பார்.

பட்டாணி குளிர்ச்சியை விரும்பும் பயிர். தமிழகத்தில் அதன் சொந்த இடம் நீலகிரியும் கொடைக்கானலும்தான். சென்னையின் பெருவெயிலில் ஊறவைத்த பட்டாணி முளைக்குமுன் அழுகிப்போகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், மார்கழியும் தையுமே அதற்கு இங்கே வாய்த்த காலம். மாசி பிறந்ததும் அதை விட்டுவிட்டுப் பச்சைப்பயற்றுக்குத் திரும்பிவிட வேண்டும்.

காய்ந்த பயற்றில் உயிர்ச்சத்து சி மிகமிகக் குறைவு. முளைக்கும்போதுதான் அது உண்டாகிறது. இந்தச் செய்தியை உலகம் எளிதில் அறிந்துவிடவில்லை. 1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை மெசபத்தோமியாவின் கூட் நகரில் முற்றுகையிடப்பட்டுக் கிடந்த இந்தியப் படைவீரர் பலர், காயும் கனியும் கிடைக்காமல் ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயால் துன்புற்றனர். 1912ஆம் ஆண்டிலேயே பூர்ஸ்ட் என்ற ஆய்வாளர், முளைத்த தானியம் அந்நோயைத் தடுப்பதைச் சீமைப்பெருச்சாளிகளை வைத்துக் காட்டியிருந்தார். முதல் உலகப்போரின் முடிவில், வில்ட்ஷயர் என்ற ஆங்கிலேய மருத்துவர், நோயுற்ற செர்பிய வீரர்களில் ஒரு பகுதியினருக்கு எலுமிச்சைச் சாற்றையும் மற்றொரு பகுதியினருக்கு முளைத்த மொச்சையினப் பயற்றையும் கொடுத்துப் பார்த்தார். முளைப்பயற்றின் பலன் எலுமிச்சைக்குக் குறையவில்லை என்று 1918இல் எழுதினார். உயிர்ச்சத்து சி என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது.

எனினும் அத்தை முளைகளைப் பச்சையாக உண்ண விடுவதில்லை. விதைக்கு இதமான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் இதமானவை. 2011இல் செருமனி நாட்டில் வெந்தய முளைகளோடு வந்த ஒரு குடற்கிருமி ஏறத்தாழ நாலாயிரம் பேரை நோயில் தள்ளியது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சமைக்கும்போது சத்தில் ஒரு பகுதி போய்விடும் என்று நான் சொன்னேன். "போகட்டும், மீதி இருக்கிறதல்லவா? வயிற்றுப்போக்கு வார்டில் இரவெல்லாம் நின்றவள் சொல்கிறேன், ஆவி காட்டாமல் முளையைத் தட்டில் வைக்காதே" என்றார். எனவே எங்கள் வீட்டில் முளை சுண்டலாகும். தளிர், பூண்டும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து பொரியலாகும். முதியோரும் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உள்ள இல்லங்களில் இந்த விதியைக் கட்டாயம் கொள்ள வேண்டும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

பச்சைப்பயறோ மொச்சையோ புளியங்கொட்டையோ முளைக்கும்போது, அதன் இரு பருப்புகளும் தண்டோடு சேர்ந்து மண்ணுக்கு மேலே வரும். வித்திலைகள் என்று பாடநூல் சொல்வது இவற்றைத்தான். தலைமேல் தொப்பியைச் சுமந்துகொண்டு அவை வெளிச்சத்தைப் பார்க்கும். பட்டாணியின் வழி வேறு. அதன் பருப்புகள் மேலே வருவதில்லை. விதைத்த இடத்திலேயே, மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். குருத்து மட்டும் எழும்பும். அதற்கு வேண்டிய மாவும் புரதமும் கீழேயிருந்து போய்க்கொண்டே இருக்கும். தளிரைக் கண்டு மகிழ்கிறவர் எவரும் அந்தப் பருப்பைக் காண்பதில்லை. ஒரு நாள் அத்தை ஒரு செடியைப் பிடுங்கி, அடியில் சுருங்கத் தொடங்கியிருந்த பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார். "இதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடிக்கணுவை விட்டு வெட்டினால் மறுபடியும் தழைக்கும். ஒட்ட வெட்டினால் அவ்வளவுதான்" என்றார். அவர் தளிர் வெட்டும் பாடத்தைத்தான் சொன்னார். எனக்கு வேறு எண்ணங்கள் ஓடின.

பட்டாணியைப் பற்றி எண்ணும்போது, ஒரு துறவியின் நினைவும் வராமற் போகாது. புருனோ நகரத்து அகுஸ்தினார் மடத்தில் கிரகோர் மெண்டல் 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கில் சேர்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். 1865இல் அதைப் படித்துக் காட்டினார், 1866இல் அச்சாயிற்று. அதன் பெருமையைப் பெரும்பாலோர் உணரவில்லை. 1884இல் அவர் இறந்தார். 1900ஆம் ஆண்டில்தான் மற்ற அறிஞர்கள் அவருடைய கட்டுரையைத் தோண்டி எடுத்தனர். மரபியல் என்னும் பெருமரம் தழைத்தபோது அதன் பருப்பு மண்ணுக்குள் இருந்தது.

எங்கள் உறவினர்களிடையே இன்று பொறியாளர் உண்டு, ஆசிரியர் உண்டு, வெளிநாட்டில் வாழ்பவர் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் கீழே ஒரு செவிலியரின் இரவுப் பணிகள் இருக்கின்றன. குடும்ப விழாக்களில் அத்தையைத் தியாகத்தின் வடிவம் என்று புகழ்வார்கள். மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை, அவரைக் காட்டி எடுத்துரைத்தவர்களும் உண்டு. அப்போதெல்லாம் அத்தை தலைகுனிந்து புன்னகை செய்வார், எதுவும் சொல்லமாட்டார்.

அந்த 2023ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில்தான், அருட்சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தை அவர் வரவழைத்து வைத்திருந்தார். விவிலியத்துக்குள் மடித்து வைத்திருந்த அதை அம்மாதான் முதலில் கண்டார். வீடு கலங்கிப்போனது. நம்மை வளர்த்தவரை நாம் அனுப்பிவிட்டோம் என்று ஊர் பேசுமே என்றார் ஒருவர். அவருக்கு இங்கே என்ன குறை என்றார் மற்றொருவர். தொலைபேசியில் சித்தப்பாக்கள் பேசினர், அத்தைமார் அழுதனர். நாள்கள் பல இப்படியே கழிந்தன. எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

திருக்காட்சிப் பெருவிழாவுக்கு அடுத்த நாள், குடிலைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, என் தந்தை பட்டாணித் தட்டின் அருகே தரையில் உட்கார்ந்துகொண்டு அவரிடமே கேட்டார்.

"அக்கா, அங்கே உனக்கு என்ன இருக்கிறது?"

அத்தை சற்று நேரம் தளிர்களைத் தடவிக்கொண்டிருந்தார். "கோயில் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். படி இல்லையாம். நானே நடந்து போய்த் திருப்பலி காணலாம்."

"வேறு?"

"வேறு என்ன வேண்டும் எனக்கு? படிதான் தம்பி. இந்த மூன்று மாடிப் படிதான்."

அவ்வளவுதான் செய்தி. அவர் யார்மேலும் மனத்தாங்கல் கொள்ளவில்லை. சுமையாக இருப்பதாக வருந்தவும் இல்லை. தம் காலால் நடந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. தமக்கென்று ஒன்றைக் கேட்டுப் பழகாதவர் ஆகையால், படிவத்தை எழுதுவது அவருக்கு வாய் திறப்பதைவிட எளிதாக இருந்திருக்கிறது.

கோதுமை மணி உவமையை அன்றிலிருந்து நான் சற்று நின்று வாசிக்கிறேன். ஆண்டவர் அதைத் தம்மைக் குறித்தே முதலில் சொன்னார். தாமாகவே தம்மைக் கொடுத்தார். நாமோ அதை எளிதாக அடுத்தவர்மேல் சாத்திவிடுகிறோம். வீட்டில் உழைத்துத் தேய்கிற பெண்ணைக் கோதுமை மணி என்று புகழ்ந்துவிட்டால், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் கடமை தீர்ந்தாற்போல் ஆகிவிடுகிறது. பட்டாணிப் பருப்பிடம் எவரும் விருப்பம் கேட்க முடியாது. அதற்கு வாய் இல்லை. மனிதருக்கு வாய் உண்டு. கேட்டால் விடை வரும். பல வீடுகளில் அந்த விடை, மூன்று மாடிப் படி அளவே உள்ள சிறிய விடையாக இருக்கக்கூடும்.

மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் இன்னொரு விதை உவமை இருக்கிறது. விதைத்தவர் உறங்கி எழுகிறார். எவ்வாறு என்று அவருக்குத் தெரியாமலே விதை முளைத்து வளர்கிறது. தட்டில் முளை வளர்ப்போருக்கு இது நன்றாகப் புரியும். நாம் முளைக்கச் செய்வதில்லை. அலசுகிறோம், வடிக்கிறோம், மூடுகிறோம், உரிய நாளில் திறக்கிறோம். காலையும் மாலையும் ஒரு முறை கவனிப்பதுதான் நம் பங்கு. அன்றாடக் கவனிப்பு என்பது எவ்வளவு சிறியது, அது தவறினால் எவ்வளவு விரைவில் புளித்துப்போகும் என்பதை இந்தத் தட்டு ஓசையின்றிக் காட்டுகிறது.

அவ்வாண்டு மே மாதம், கோயிலிலிருந்து இரண்டு தெரு தள்ளித் தரைத்தள வீடு ஒன்றுக்கு நாங்கள் வாடகைக்குக் குடிபெயர்ந்தோம். சற்று இருட்டான வீடு; மழைக்காலத்தில் வாசல்வரை நீர் வரும். என் தந்தை அதைப் பற்றிக் குறை சொல்வதில்லை. கைத்தடியோடு அத்தை காலைத் திருப்பலிக்குப் புறப்படும்போது, கதவைத் திறந்து விடுவது அவருடைய வேலை. படிவம் இன்னும் விவிலியத்துக்குள்தான் இருக்கிறது. எழுதாத படிவம். அதை எடுத்தெறியும்படி எவரும் அவரிடம் சொல்லவில்லை, அது அவருடையது.

இந்த ஆண்டு குடிலுக்கு விதைக்கும்போது, கேழ்வரகுக்குப் பக்கத்தில் ஒரு பிடி பட்டாணியையும் ஊறவைத்துப் பாருங்கள். டிசம்பர் 10ஆம் நாளை ஒட்டி ஊறவைத்தால், விழா நாளில் குடிலருகே பசுந்தளிர் நிற்கும்; விழா முடிந்ததும் குப்பைக்குப் போகாமல் கறிக்கு ஆகும். கத்தரிக்கோலைக் கழுவிக்கொள்ளுங்கள். தளிர் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், அடியில் ஒரு கணுவை விட்டே வெட்டுங்கள்.